இடம் கொடுத்தவர் கடமை

'இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான்' என்று ஒரு பழமொழி நம்மிடம் உண்டு. சொன்னவர் யாரோ தெரியாது. ஆனால், நிச்சயமாக மடத்துக்காரராகத்தான் இருக்கவேண்டும். இடம் கேட்டு வாசலில் நின்றவன் இப்படிச் சொல்லியிருக்க மாட்டான்.

மேடை ஏறினால் நாமே 'வந்தாரை வாழவைக்கும் தமிழகம்' என்போம். கீழே இறங்கிச் செருப்பை மாட்டிக்கொள்வதற்குள் மடத்துக்காரர் ஞாபகம் வந்துவிடும்.

இந்த வாரம் பேசப்போவதும் ஓர் இடம் கொடுக்கும் விவகாரம்தான். பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. இடம். அதை வெளிநாட்டு மாணவருக்குக் கொடுக்கலாமா? கொடுத்தால், கொடுத்தவருக்கு என்ன பொறுப்பு? 'இது வைஸ் சான்சலர்கள் கவலை, நமக்கெதுக்கு சார்?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். விஷயம் நம் தெருமுனைக்கே வந்து ரொம்ப நாளாகிறது.

நான் இருக்கும் கோவில்பதாகை, ஆவடியை ஒட்டிய பகுதி. ஆவடியே வெளியூர்க்காரர்களால் ஆன ஊர். டாங்க் ஃபேக்டரிக்கு வந்தவர்கள், விமானப்படைக்கு வந்தவர்கள், சி.ஆர்.பி.எஃப். காம்ப்புக்கு வந்தவர்கள் என்று இந்தியாவின் எல்லா பாஷையும் இங்கே காய்கறிக் கடையில் கேட்கும். சில வருடங்களாக அந்தக் கூட்டத்தில் இன்னும் சில தேசங்கள் சேர்ந்திருக்கின்றன. சுற்றுவட்டாரத்துக் கல்லூரிகளில் படிக்க ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகள், தோளில் லேப்டாப் பையுடன் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிறார்கள்.

டீக்கடையில் ஒரு நண்பர். ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "எங்க அக்கா பேத்திக்கு அமெரிக்காவுல பிஎச்.டி. கிடைச்சிருக்கு சார். ஃபீஸே கிடையாது. மாசாமாசம் அவங்களே பணமும் தர்றாங்க" என்றார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். அவருக்கே கிடைத்த மாதிரி. அப்போது எதிரே இரண்டு ஆப்பிரிக்க மாணவர்கள் நடந்து போனார்கள். நண்பர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நம்ம பசங்களுக்கே சீட்டு இல்ல... இவங்களை எதுக்கு சார் கூட்டிட்டு வர்றாங்க?" என்றார்.

இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் ஒரு டீ ஆறவில்லை.

அவர் கெட்டவர் இல்லை. நம் எல்லோருக்குள்ளும் இந்த இரண்டு வாக்கியமும் இருக்கிறது. நம் பெண் அங்கே போனால் திறமை. அடுத்தவர் பிள்ளை இங்கே வந்தால் ஆக்கிரமிப்பு.

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். 2023-24-ல் அமெரிக்கக் கல்லூரிகளில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். இந்தியாவில் 2021-22-ல் படித்த அத்தனை வெளிநாட்டு மாணவர்களும் சேர்ந்து 46,878 பேர். அதிலும் கால்வாசிக்கு மேல் நேபாளத்துப் பிள்ளைகள். அதாவது, உலகமே சேர்ந்து நம்மிடம் அனுப்பியதைப்போல ஏழு மடங்கு பேர் அந்த ஒரே ஒரு நாட்டில் இருந்திருக்கிறார்கள். இந்த லட்சணத்தில், 'வெளிநாட்டுக்காரனுக்கு ஏன் இடம்?' என்று உரக்கக் கேட்கும் உரிமை உலகத்தில் யாருக்கு இருந்தாலும் நமக்கு இருக்கமுடியாது.

ஆனால், உரிமை இல்லை என்பதால் கேள்வியே தப்பு என்று ஆகிவிடாது. கேள்வி நியாயமானது. பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். பி.ஈ. சீட்டும் பிஎச்.டி. சீட்டும் ஒன்றல்ல. பி.ஈ. வகுப்பில் அறுபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அறுபத்தோராவதாக ஒருவர் வந்தால் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்காரலாம். பிஎச்.டி. அப்படியில்லை. ஒரு பேராசிரியர், ஒரு மாணவர். நாலு வருஷமோ ஆறு வருஷமோ அவர் கையில் இவருடைய வாழ்க்கை. கைடு கோபித்துக்கொண்டால் ஆய்வு நிற்கும். கைடுக்கு இடமாற்றம் வந்தால் ஆய்வு அநாதையாகும். கல்லூரியில் சேர்வது என்பதைவிட, பழைய காலத்துக் குருகுலத்துக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று என்று சொன்னால் பிஎச்.டி. முடித்தவர்கள் தலையாட்டுவார்கள்.

இப்போது அந்த 'நம்ம பசங்க' வாதம். பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் கொண்டுவந்த பிஎச்.டி. விதிகளின்படி, ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் எட்டு பேருக்கு வழிகாட்டலாம். இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கு, உதவிப் பேராசிரியர் நாலு பேருக்கு. இந்த எண்ணிக்கைக்கு மேலே, தனியாக, இரண்டு வெளிநாட்டு மாணவர்களை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஆக, காகிதத்தில் பார்த்தால் உள்ளூர்ப் பிள்ளையின் இடத்தை யாரும் பறிப்பதில்லை. கூடுதல் நாற்காலி போட்டுத்தான் உட்காரவைக்கிறார்கள்.

நாற்காலியைக் கூடுதலாகப் போடலாம். பேராசிரியருக்கு ஒரு நாளில் இருபத்தைந்தாவது மணி நேரத்தை யார் போடுவது?

இதை நேர்மையாக ஒப்புக்கொள்ளவேண்டும். வெளியிலிருந்து ஒருவர் வந்தால் உள்ளே இருப்பவருக்குக் கொஞ்சம் குறையத்தான் செய்யும். கைடின் நேரம் குறையும், லேபில் மெஷினுக்குக் காத்திருக்கும் வரிசை நீளும். 'ஒன்றுமே குறையாது' என்று சொல்லி விருந்தாளியைக் கூப்பிடுகிறவர், இலை போட்ட பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். 'குறையும், பரவாயில்லை வா' என்று கூப்பிடுகிறவர்தான் கடைசிவரை சிரித்த முகமாகப் பரிமாறுவார்.

குறைந்தாலும் ஏன் கூப்பிடவேண்டும்? 'எங்கள் வரிப்பணம்' என்கிறோம். டீக்கடை நண்பரின் பேத்திக்குச் சம்பளம் தருவதில் யாரோ ஒரு அமெரிக்க லாரி டிரைவரின் வரிப்பணமும் இருக்கிறது. ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவை வெளிநாட்டுப் பிள்ளைகளிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. அவர்கள் எல்லாம் தர்மப்பிரபுக்கள் என்று சொல்லவரவில்லை. அவர்களுக்கும் லாபம் இருக்கிறது. ஆனால், அந்தப் பந்தியில் நாம் பல தலைமுறையாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். நம் வீட்டில் பந்தி போடும் முறை வரும்போது மட்டும் கதவைச் சாத்தக்கூடாது.

சரி, கதவைத் திறக்கலாம் என்று முடிவுசெய்தாயிற்று. உண்மையான தர்ம சங்கடம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. எதற்காகத் திறக்கிறோம்?

மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில், வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேர் என்பதற்கும் மார்க் உண்டு. உலகத் தரவரிசைகளிலும் உண்டு. வெளிநாட்டு மாணவரிடம் கட்டணமும் கூடுதலாக வாங்கலாம். ஆக, ஒரு வெளிநாட்டு முகம் என்பது ஒரு நிர்வாகத்துக்கு மார்க், டாலர், விளம்பரப் புத்தகத்தின் அட்டைப்படம், மூன்றும்தான். சிரித்துக்கொண்டு நிற்கும் அந்த அட்டைப்படப் பையனுக்கு ஹாஸ்டலில் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, கைடு அவனோடு கடைசியாக எப்போது பேசினார் என்று அட்டையில் போடுவதில்லை.

இம்மானுவேல் கான்ட் என்ற ஜெர்மானியத் தத்துவ ஆசாமி 18-ம் நூற்றாண்டில் ஒன்று சொன்னார். மனிதனை வெறும் கருவியாக மட்டும் பயன்படுத்தாதே. அவனே ஒரு நோக்கம் என்று நினைத்து நடத்து, என்று. நம் வழக்கில் சொன்னால், கறிவேப்பிலையாக நடத்தாதே. இவ்வளவுதான். கட்டணத்துக்காகவும் தரவரிசைக்காகவும் கதவைத் திறப்பதும், நம்ம பசங்களுக்காக என்று கதவைச் சாத்துவதும் வேறு வேறு போலத் தெரியும். உள்ளுக்குள் ஒரே குணம். இரண்டிலும் வாசலில் நிற்கும் ஆள் கண்ணில் படவே இல்லை.

அப்படியானால் எப்படித்தான் இடம் கொடுப்பது? இந்தக் கேள்விக்கு நம் தேசத்திலேயே பழைய பதில் ஒன்று இருக்கிறது.

ஏழாம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து யுவான் சுவாங் நாளந்தாவுக்கு வந்தார். அவர் எழுதிவைத்த குறிப்பில் ஒரு வாசல்காப்போன் வருகிறார். வெளிதேசத்திலிருந்து விவாதத்தில் கலந்துகொள்ள வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்திக் கடினமான கேள்விகளைக் கேட்பாராம். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் பதில் தெரியாமல் திரும்பிப்போய்விடுவார்களாம். அப்பேர்ப்பட்ட கண்டிப்பு. ஆனால், உள்ளே போய்விட்டால்? யுவான் சுவாங்கின் சரித்திரத்தை எழுதிய அவருடைய சீடர் சொல்கிறார்: நூறு கிராமங்களின் வருமானம் நாளந்தாவுக்கு விடப்பட்டிருந்தது, தினமும் அரிசியும் நெய்யும் பாலும் வந்து இறங்கின, அங்கிருந்தவர்கள் சோற்றுக்கும் துணிக்கும் மருந்துக்கும் யாரிடமும் கையேந்தவேண்டிய அவசியமில்லை. சீனத்திலிருந்து வந்த அந்த மாணவருக்குத் தினப்படி அரிசியிலிருந்து வெற்றிலைப் பாக்கு வரை அளந்து கொடுத்திருக்கிறார்கள்.

அந்த நாளந்தாவுக்குத் தலைவராக இருந்த தர்மபாலர் நம் காஞ்சிபுரத்துக்காரர் என்று யுவான் சுவாங் சொல்கிறார். அவருக்குப் பின் வந்த சீலபத்திரர் வங்காளப் பக்கத்திலிருந்து வந்தவர். அவரிடம்தான் சீனர் பாடம் கேட்டார். தலைவரே வெளியூர், மாணவர் வெளிநாடு.

வாசலில் கண்டிப்பு, உள்ளே தாராளம். இதுதான் இடம் கொடுப்பதன் இலக்கணம் என்று நினைக்கிறேன். நாம் பல இடங்களில் இதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். வாசலில் தாராளம், பணம் கட்டினால் போதும். உள்ளே கஞ்சத்தனம், வந்தவன் பாடு, அவன் தலையெழுத்து பாடு.

வாசலில் கண்டிப்பு என்றதும் விதிமுறைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கண்டிப்பு வேறு, விதிமுறை வேறு. இதற்கு நமக்கு ராமானுஜனைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ராமானுஜனை எல்லோருக்கும் தெரியும். ஆனால், அவரை ஒரு அட்மிஷன் கேஸாக யாரும் பார்ப்பதில்லை. எஃப்.ஏ. தேறாதவர். துறைமுகத்தில் குமாஸ்தா. டிகிரி கிடையாது. இன்றைக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டால் முதல் பக்கத்தையே தாண்டமாட்டார். அவரை 1913 மே மாதத்திலிருந்து மெட்ராஸ் யூனிவர்சிட்டி ஆராய்ச்சி மாணவராக எடுத்துக்கொண்டது. மாதம் 75 ரூபாய் உதவித்தொகை. அடுத்த வருஷம் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியும் அதே ஆளை, அதே டிகிரி இல்லாமல் எடுத்துக்கொண்டது. இரண்டு இடத்திலும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்த ஆளுக்குக் கணக்கு வருகிறதா? அந்தக் கேள்வியில் கண்டிப்பாக இருந்தார்கள். மற்ற விதிகளை வளைத்தார்கள்.

பணம் யார் கொடுத்தது தெரியுமா? பெரும்பகுதி மெட்ராஸ் யூனிவர்சிட்டி. வருஷத்துக்கு 250 பவுண்டு, அதுபோகக் கப்பல் செலவும் துணிமணிச் செலவும். டிரினிட்டி தன் பங்குக்கு 60 பவுண்டு. வெளிநாட்டு மாணவர் ஒருவரைச் சேர்ப்பதில் இரண்டு பல்கலைக்கழகங்கள் செலவைப் பகிர்ந்துகொண்டன. இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஓடியவர் நெவில் என்ற இளம் பேராசிரியர். 1914 ஆரம்பத்தில் பாடம் நடத்த மெட்ராஸ் வந்தவர். ராமானுஜனை நேரில் பார்த்து, பேசி, சம்மதிக்கவைத்து, இங்குள்ள அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, ராமானுஜன் இங்கிலாந்தில் இறங்கியபோது காத்திருந்து அழைத்துக்கொண்டு, முதல் சில வாரங்கள் தன் வீட்டிலேயே தங்கவைத்தார். கணித உலகம் ஹார்டியின் பெயரைத்தான் அதிகம் சொல்கிறது. அட்மிஷன் என்றால் என்ன என்று தெரிந்தவர் நெவில்.

ஆனால், அந்தக் கதையிலேயே மறுபாதியும் இருக்கிறது. ராமானுஜன் போய்ச் சேர்ந்து நாலு மாதத்தில் யுத்தம் வந்துவிட்டது. சுத்த சைவம். ஹாஸ்டல் சாப்பாடு தொடமாட்டார். தானே சமைத்துக்கொள்வார். யுத்தத்தில் காய்கறிக்கே தட்டுப்பாடு. குளிர் வேறு. பின்னாளில் புள்ளியியலில் பெரிய பெயர் எடுத்த மகலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர். ஒருநாள் ராமானுஜனின் அறைக்குப் போனபோது அவர் குளிரில் தூங்கமுடியவில்லை என்றிருக்கிறார். பார்த்தால், கட்டிலில் கம்பளிகள் ஒழுங்காக விரித்துச் செருகி வைக்கப்பட்டிருக்கின்றன. அதற்கு உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு, கம்பளிக்கு மேலே படுத்திருந்திருக்கிறார். கம்பளியை விலக்கி எப்படிப் படுப்பது என்று மகலனோபிஸ்தான் காட்டிக்கொடுத்தார்.

கம்பளி இருந்தது. கம்பளியைப் போர்த்திக்கொள்ளச் சொல்லித்தர ஆள் இல்லை.

வெளிநாட்டு மாணவர் நலனைப் பற்றி எத்தனை கமிட்டி போட்டு எத்தனை அறிக்கை எழுதினாலும், எனக்கு இந்த ஒரு கம்பளிக்குள் எல்லாமே அடங்கிவிடுகிறது. வசதி செய்து கொடுத்துவிட்டோம் என்று நிர்வாகம் நினைக்கிறது. எனக்கு எதுவும் இல்லை என்று மாணவன் நினைக்கிறான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. நடுவில் ஒரு மனுஷன் தேவைப்படுகிறான்.

1917-ல் ராமானுஜன் படுக்கையில் விழுந்தார். சானடோரியம், ஆஸ்பத்திரி என்று அலைந்தார். 1918-ல் லண்டனில் ரயில் பாதையில் விழுந்து உயிரை விடப் பார்த்தார் என்பது பிற்பாடு வெளியில் வந்த செய்தி. போலீஸிடமிருந்து அவரை மீட்டுவந்தவர் ஹார்டி. அதே 1918-ல் ராயல் சொசைட்டி ஃபெல்லோ, டிரினிட்டி ஃபெல்லோ என்று கௌரவங்களும் வந்தன. மூளையை உலகம் கொண்டாடிக்கொண்டிருந்த அதே வருஷம், அந்த மூளையைச் சுமந்த உடம்பு தாங்கமாட்டேன் என்றது. 1919-ல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ம் தேதி சேத்துப்பட்டில் இறந்தார். வயது 32.

ஹார்டியைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. அவர் இல்லாவிட்டால் ராமானுஜனே இல்லை. ஆனால், ஒரு ஆளுக்கு இடம் கொடுக்கும்போது அவருடைய கணக்குக்கு மட்டும் இடம் கொடுக்கமுடியாது. வயிறு, குளிர், தனிமை, ஊரில் காத்திருக்கும் அம்மா, மனைவி, எல்லாம் சேர்ந்துதான் வரும். விண்ணப்பத்தில் மார்க் ஷீட் மட்டும்தான் இருக்கும். கப்பலிலிருந்து இறங்குவது முழு மனுஷன்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம்.

டீக்கடை நண்பரின் அக்கா பேத்தி என்று சொன்னேன் அல்லவா? அந்தப் பெண்ணுக்கு 2025 பிப்ரவரியில் சேர்க்கைக் கடிதம் வந்தது. பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டாள். வீட்டில் தடபுடலாகச் சாப்பாடு போட்டார்கள். ஏப்ரலில் இரண்டு பத்தியில் இன்னொரு கடிதம். நிதி நிலைமை காரணமாக இந்த வருஷம் இடம் தர இயலவில்லை, வருந்துகிறோம். அந்த வீட்டில் சில நாள் யாரும் சத்தமாகப் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அவள் மட்டும் இல்லை. அந்த வருஷம் அமெரிக்காவில் அரசாங்கம் ஆராய்ச்சி நிதியில் கை வைத்ததும் பல பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. சேர்க்கையைக் குறைத்தன. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி, உயிர் மருத்துவ ஆராய்ச்சிக்கு அந்த ஆண்டு கொடுத்த இடங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மே 22-ம் தேதி ஹார்வர்டு பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் அனுமதியையே அமெரிக்க அரசு ரத்து செய்தது. ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த சுமார் 6,800 பேர், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் அல்லது விசா போய்விடும் என்ற நிலைமைக்கு வந்தார்கள். மறுநாளே நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. அந்த ஓர் இரவில் எத்தனை ஊர்களில் எத்தனை அம்மாக்கள் தூங்கவில்லையோ!

நம் பத்திரிகைகளும் டி.வி-க்களும் பொங்கின. நியாயமான கோபம்தான். ஆனால், கோபத்தோடு கொஞ்சம் பின்னோக்கியும் பார்க்கவேண்டும்.

2021 ஆகஸ்ட் மாதம் காபூலில் தாலிபான்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். ஆகஸ்ட் 25-ம் தேதி இந்தியா, அப்போது இந்தியாவுக்கு வெளியே இருந்த ஆப்கானியர்களின் பழைய விசாக்கள் எல்லாம் செல்லாது என்று அறிவித்தது. பாதுகாப்புக் காரணங்கள் சொல்லப்பட்டன. அவை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால், கொரோனாவுக்காக ஊருக்குப் போயிருந்த ஆப்கான் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். நம் பல்கலைக்கழகங்களில் பெயர் பதிவு செய்தவர்கள். இந்தியாவே உதவித்தொகை கொடுத்துக் கூப்பிட்டவர்களும் அதில் உண்டு. பெண்களும் உண்டு. அவர்களுக்கு அங்கே படிப்பு என்பதே குற்றமாகிக்கொண்டிருந்த நேரம். ஹார்வர்டுக்குப் பொங்கிய அளவில் நூற்றில் ஒரு பங்குகூட அன்றைக்கு நாம் பொங்கியதாக ஞாபகம் இல்லை.

அந்த இருட்டிலும் ஒரு வெளிச்சம் சென்னையிலிருந்துதான் போனது. இங்கே வரமுடியாமல் நின்ற ஒரு ஆப்கான் பெண், கிண்டி ஐ.ஐ.டி-க்கு எழுதிக் கேட்டார். ஆன்லைனிலேயே படியுங்கள் என்று உதவித்தொகையோடு வழி செய்து கொடுத்தார்கள். ஆப்கானிஸ்தானில் வீட்டுக்குள் இருந்தபடியே, கடன் வாங்கிய கருவிகளை வைத்துச் சோதனைகள் செய்து, எம்.டெக். முடித்தார். 2022 கடைசியில் இது செய்தியாக வந்தது. ஆளை வரவழைக்க ஐ.ஐ.டி-யால் முடியவில்லை. விசா அவர்கள் கையில் இல்லை. ஆனால், தன் கையில் இருந்ததை வைத்துக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்கள். எனக்கு நாளந்தாவின் நூறு கிராமத்து அரிசியும் இதுவும் ஒன்றாகத்தான் தெரிகிறது.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கவேண்டும். 'இடம் இல்லை' என்று முதலிலேயே சொல்வது கொடுமை இல்லை. வருத்தம்தான், நாலு நாளில் ஆறிவிடும். நாளந்தா வாசலில் திரும்பிப் போன ஏழெட்டுப் பேர் வேறு மடம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 'வா' என்று சொல்லி, அவன் வேலையை விட்டு, வீட்டை விட்டு, ஊரை விட்டுக் கிளம்பிய பிறகு 'இல்லை' என்பதுதான் துரோகம். கதவைத் தட்டும்வரை அவன் யாரோ. 'உள்ளே வா' என்று சொன்ன நிமிடத்திலிருந்து அவனுக்கு நாம் கடன்பட்டவர்கள்.

ஆகவே, 'வெளிநாட்டவரைச் சேர்க்கலாமா, கூடாதா?' என்ற கேள்வியில் பாஸ்போர்ட் முக்கியமே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பாஸ்போர்ட் எவ்வளவு வேடிக்கையான அளவுகோல் என்பதற்கு ரொம்ப தூரம் போகவேண்டாம். எங்கள் பகுதியிலிருந்து கொஞ்ச தூரத்தில் புழல் காவாங்கரை. இலங்கைத் தமிழர் முகாம் இருக்கும் இடம். அங்கே பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் நம் சமச்சீர்ப் புத்தகத்தைப் படித்து வளர்ந்த பெண், அப்பா அம்மா இருவரும் அகதிகள் என்றால், சட்டப்படி இந்தியர் இல்லை. 1987 ஜூலை 1-க்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்கவேண்டும் என்கிறது சட்டம். விண்ணப்பத்தில் 'நாடு' என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் பேனாவை வைத்துக்கொண்டு அவள் என்ன எழுதுவாள்? அவள் பார்த்தே இராத ஒரு நாட்டின் பெயரைத்தான். காகிதத்தில் வெளிநாடு, காலையில் அதே பஸ் ஸ்டாப்.

கேட்கவேண்டிய கேள்வி வேறு. இந்த ஆளுக்கு ஆராய்ச்சி வருமா? வரும் என்றால், நாம் கொடுக்கும் வாக்கைக் கடைசிவரை காப்பாற்ற நம்மால் முடியுமா? முதல் கேள்விக்கு மாணவர் பதில் சொல்லவேண்டும். இரண்டாவதற்கு நாம். இரண்டாவது கேள்விக்கு 'தெரியலையே' என்று பதில் வந்தால், அந்த வருஷம் ஒருவரையும் எடுக்காமல் இருப்பதுதான் யோக்கியம். பத்துப் பேரைக் கூப்பிட்டு எட்டுப் பேரைப் பட்டினி போடுவதைவிட, இரண்டு பேரைக் கூப்பிட்டு வயிறாரப் போடலாம்.

'சரி சார், இடம் கொடுத்தவருக்குத்தான் கடமையா? வாங்கினவனுக்கு ஒண்ணும் கிடையாதா?' என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. அதையும் ராமானுஜனிடமே கேட்போம். 1919 ஜனவரியில் இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தார். மெட்ராஸ் யூனிவர்சிட்டி, ஊர் திரும்பும் அவருக்கு வருஷத்துக்கு 250 பவுண்டு தருவதாகச் சொல்லியிருந்தது. அதற்கு நன்றி சொல்லி எழுதிய கடிதத்தில் அவர் என்ன கேட்டார் தெரியுமா? பெற்றோருக்குக் கொடுப்பதும் தன் அவசியச் செலவும் போக மிச்சத்தை ஏழைப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் புத்தகத்துக்கும் செலவழிக்கச் சொன்னார். சம்பளம் கட்ட வழியில்லாமல் படித்தவருக்குத்தான் அது தோன்றும். எந்தப் பத்திரத்திலும் அவரிடம் அப்படிக் கையெழுத்து வாங்கவில்லை. உதவித்தொகை வாங்கினால் ஊருக்குத் திரும்பியே ஆகவேண்டும் என்று கட்டிப்போடுவதால் கிடைக்காத ஒன்று, ஒழுங்காக நடத்தப்பட்ட ஒரு மனுஷனிடமிருந்து தானாக வருகிறது. இடம் வாங்கியவரின் கடமை, அடுத்தவருக்கு இடம் உண்டாக்குவது. அவ்வளவுதான்.

இதையெல்லாம் பல்கலைக்கழகங்கள் செய்யட்டும் என்று நாம் நகர்ந்துவிட முடியாது. இடம் கொடுப்பது அட்மிஷன் கமிட்டியோடு முடிவதில்லை. 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்களைக் கும்பல் கூடி அடித்தது. அடித்தவர்கள் பேராசிரியர்கள் இல்லை, ஊர் ஜனங்கள். சீட்டைப் பல்கலைக்கழகம் கொடுக்கிறது. வீட்டை யார் கொடுப்பது? கறிவேப்பிலை கொசுறு கொடுக்கிற அதே சிரிப்போடு தக்காளியை யார் நிறுத்துக் கொடுப்பது? கம்பளியை எப்படிப் போர்த்துவது என்று, இந்த வெயில் ஊரில் கொசுவலையை எப்படிக் கட்டுவது என்று, யார் சொல்லிக்கொடுப்பது?

எங்கள் தெருவில் இப்போது மூன்று வீட்டில் 'டு-லெட்' போர்டு தொங்குகிறது. போன வாரம் இரண்டு ஆப்பிரிக்க மாணவர்கள் ஒரு வீட்டு வாசலில் நின்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரம்மா பால்கனியிலிருந்தே கையை ஆட்டி, "வீடு போயிடுச்சுப்பா" என்றார்.

போர்டு இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.